நான் வெட்டிய ‘இன்னும்’

அந்தச் சொல்லை வெட்டியது நான். மெசின் வெட்டவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் ஊரில் இன்றைக்கும் “ஏஐ பிழையா எழுதிட்டாம்” என்றுதான் கதைக்கிறார்கள். கொஞ்ச நாள் நானும் அப்படியே கதைக்க விட்டேன். காதில் விழுந்தும் விழாதவன் போல போட்டோக்கொப்பி மெசினுக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கல்முனையில் எனக்கொரு கொமியூனிகேசன் கடை. போட்டோக்கொப்பி, டைப்செட்டிங், பயோடேட்டா, கலியாணக் கார்ட், பிறகு அரசாங்கக் கந்தோர்களுக்குப் போகிற கடிதங்கள். எங்கள் சனத்துக்குக் கொழும்புக் கந்தோர் என்பது ஒரு பஸ் பயணத் தூரமில்லை, இரண்டு பாஷைத் தூரம். ஆட்கள் வந்து தமிழில் அழுவார்கள். நான் அதைத் துடைத்து, மடித்து, இங்கிலிஷாக்கி உறைக்குள் போட்டுக் கொடுப்பேன். கவிதை எழுதுகிறவன், ஆகவே கடிதமும் நன்றாக எழுதுவான் என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை நானும் நம்பினேன். அங்கேதான் தொடங்குகிறது எல்லாம்.

என் ராத்தாவின், அதாவது அக்காவின், மகள் ஒலுவில் கெம்பஸில் படிக்கிறவள். ஏஐயைக் கடைக் கொம்பியூட்டரில் திறந்து காட்டித் தந்தது அவள்தான்.

“இதுல நாம எழுதிக் கேக்கிறதுக்குப் பேரு புரொம்ப்ட், மாமா.”

“புரொம்ப்ட் எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூட நாடகத்துல திரைக்குப் பின்னால நிண்டு, மறந்தவனுக்கு வசனம் எடுத்துக் குடுக்கிற வேல. ஆறாம் வகுப்புல செய்திரிக்கன்.”

“இது மறுபக்கம் மாமா. வசனத்த அது செல்லும். நீங்க கதய மட்டும் சரியாச் செல்லணும்.”

கதையை மட்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருசமாக நான் வேறென்ன செய்தேன்?

இரண்டே மாதத்தில் அதில் கைதேர்ந்தவன் என்று எனக்குப் பேர் வந்துவிட்டது. ஆசிரியர்மார் வந்தார்கள், கிளாக்மார் வந்தார்கள், பயிற்சிக்கு ஆள் எடுக்கும் கம்பனிகளுக்கு விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பாடம் சொன்னேன். யார் படிக்கப் போகிறார் என்று சொல்லுங்கள். எவ்வளவு நீளம் என்று சொல்லுங்கள். எந்தத் தொனியில் வேண்டும் என்று சொல்லுங்கள். தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கேட்டார், “கவிஞரே, இனிக் கவிதயும் அதுதானா எழுதும்? நீங்க சும்மா தாடிய மட்டும் வளத்துக்கிட்டு இருப்பீங்களா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாடத்தில் ஒன்று குறைகிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கச்சான் காற்றுக் காலம். தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று, வாயைக் காயவைத்து, கதவுகளை அறைந்து, கரையில் உள்ளதையெல்லாம் கிழக்கே தள்ளுகிற காற்று. ஒரு முற்பகலில் சாய்ந்தமருதிலிருந்து இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். ஒருத்திக்கு முப்பது வயதிருக்கும். மற்றவர் அவளுடைய மாமியார். அவளுடைய புருசன் ஆழ்கடல் போட்டில் போய்ப் பத்தொன்பது நாள். போட்டில் நான்கு பேர், மற்ற மூவரும் வெளியூர் ஆட்கள். ஆறாம் நாள் இன்ஜின் பழுது என்று ஒரு செய்தி வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

கடலைத் தெரிந்தவர்கள் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்: கச்சான் தள்ளினால் போட்டு கிழக்கே போகும், அந்தமான் பக்கம், பர்மாப் பக்கம். அப்படி மாதக்கணக்கில் மிதந்து பிறநாட்டுக் கரையில் ஏறித் திரும்பி வந்தவர்கள் உண்டு. ஆகவே அந்த நாடுகளுக்கு அறிவித்துத் தேடச் சொல்லிக் கொழும்புக்கு ஒரு கடிதம். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

“என்ன எழுதணும் தங்கச்சி?”

“என்ட மனிசன் இன்னும் கரை சேரல்ல காக்கா. அவ்வளவுதான். தேடச் செல்லுங்க. வேற ஒண்டும் வேணா.”

இப்போது நினைத்தால், அதைவிடச் சரியான ஒரு புரொம்ப்டை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. தெரிந்தது அதில் இருந்தது. தெரியாதது திறந்து கிடந்தது. வேண்டியது இருந்தது. வேண்டாததும் சொல்லப்பட்டிருந்தது. அதை அப்படியே தட்டியிருந்தால் போதும்.

நான் தட்டவில்லை. எனக்கு அது போதவில்லை. கரை சேரல்ல என்பது எங்கள் கரையில் தினமும் புழங்குகிற பேச்சு. சாளை வாங்கப் போகிறவன் கேட்பான், போட்டு கரை சேந்திட்டா? இல்ல, இன்னும் கரை சேரல்ல. பிறகு சேரும், மீன் வாங்கிக்கொண்டு போவான். ஆனால் என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. கரை சேராத. ஆகா, என்றது உள்ளே இருந்த கவிஞன். ‘இன்னும்’ ஓசைக்கு இடைஞ்சலாக இருந்தது. எடுத்துவிட்டேன். நான் தட்டியது இது:

“கடல் கொண்ட திசையில் கண்வைத்துக் காத்திருக்கும், கரை சேராத ஒரு மீனவனின் மனைவிக்காக, மூன்று பிள்ளைகளின் தாய்க்காக, கொழும்பிலுள்ள அதிகாரியின் மனம் இளகும்படி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுது. ஒரு பக்கம். கண்ணியமான நடை.”

யார் படிப்பார், எவ்வளவு நீளம், என்ன தொனி. மூன்றும் இருந்தன. பாடம் பிசகவில்லை.

ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதற்குள் கடிதம் வந்துவிட்டது. என்ன அழகான கடிதம். நானே எழுதியிருந்தால் அரை நாள் எடுத்திருக்கும். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினேன். ‘லேட் ஹஸ்பன்ட்’ என்று ஒரு இடத்தில் இருந்தது. என் கண் அதைத் தாண்டிப் போனது. இங்கே பஸ் லேட், சம்பளம் லேட், மழை லேட். போட்டும் லேட்தானே, மனிசனும் லேட்தானே. அந்த ஒரு கணத்தில் மனம் அப்படித்தான் படித்தது. லேட் என்றால் வேறென்ன என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எத்தனை மரண அறிவித்தல் அடித்த கை இது. ஆனால் அவசரத்தில் வாசிக்கிறவன் தாளில் இருப்பதை வாசிப்பதில்லை. தலைக்குள் இருப்பதை வாசிக்கிறான்.

“என்ன எழுதி இரிக்கு காக்கா?” அவள் கேட்டாள்.

“நீங்க சென்னதெல்லாம் இரிக்கு தங்கச்சி.”

அவள் தமிழில் கையெழுத்து வைத்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்துப் போல, கோட்டில் உட்கார்ந்த எழுத்து. மாமியார் எனக்காகக் கையேந்தி துஆ செய்துவிட்டுப் போனார்.

இருபத்தாறு நாள் கழிந்தது. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு என் மனைவி கடைக்கே வந்துவிட்டாள். அவள் கடைக்கு வருகிற ஆளில்லை.

“இஞ்சாருங்க, அந்தக் கடல்காரர்ட பொண்டாட்டி இத்தா இரிக்காவாம். மௌத்து எண்டு கொழும்புல இருந்து கடுதாசி வந்திட்டாம்.”

இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. அதற்குப் பிறகுதான் கேள்விகள் வந்தன. கண்டெடுத்தார்களா? எங்கே? யார் சொன்னது? மனைவி அந்த வீட்டுக்குப் போனபோது கடிதத்தைப் போனில் படம் எடுத்து வரச் சொன்னேன். தமிழ்க் கடிதம். முதல் வரியிலேயே இருந்தது: ‘தங்கள் கடிதத்தில் தெரிவிக்கப்பட்டவாறு, காலஞ்சென்ற தங்கள் கணவர் தொடர்பாக…’ நிவாரணத்துக்கு மரணச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள்.

தங்கள் கடிதத்தில் தெரிவிக்கப்பட்டவாறு.

மனைவியும் கடையில் நின்ற இரண்டு பேரும் பார்த்திருக்க, கொம்பியூட்டரில் அந்தப் பழைய கடிதத்தைத் திறந்தேன். லேட் அங்கேயே நின்றது, கொஞ்சமும் ஒளியாமல். கீழே இன்னொரு பந்தியில் அவள் விதவையாகவும் இருந்தாள். தேடச் சொல்லியே கேட்கவில்லை கடிதம். இரங்கச் சொல்லிக் கேட்டது. அந்த அதிகாரி இரங்கினார். அவர் செய்தது சரி. வந்த கடிதத்தில் இருந்ததற்குப் பதில் எழுதினார். மெசினும் கேட்டதைத்தான் செய்தது. மனம் இளக வேண்டும் என்றேன், இளக்குவதற்கு மரணத்தைவிட வேறென்ன வேண்டும்? கரை சேராத என்றேன், சேராதவன் என்றால் சேரவே மாட்டாதவன் என்று அது எடுத்துக்கொண்டது. நான் விட்ட ஓட்டையை அது நிரப்பியது. ஓட்டைகளை நிரப்புவதுதான் அதன் வேலை. என் வேலையும் அப்படித்தான் இருந்திருக்கிறது, இவ்வளவு காலமும்.

என் கையிலிருந்து போன சொல் மெசினுக்குள் போய், கொழும்புக்குப் போய், முத்திரை குத்திக்கொண்டு ஒரு வீட்டுக்கு மௌத்துச் செய்தியாகத் திரும்பி வந்திருந்தது. நடுவில் ஒருவருக்கும் ஒன்றும் புதிதாகத் தெரியவரவில்லை. கடலில் ஒன்றும் நடக்கவில்லை. தாளில் மட்டும் ஒரு மனிசன் செத்துப்போனான்.

அந்த வீட்டில் ஜன்னலுக்குத் துணி கட்டிவிட்டார்களாம். மருதமுனையில் நெய்த வெள்ளைச் சேலை இரண்டு வாங்கி வந்து உடுத்திவிட்டார்களாம். இத்தா என்றால் புருசன் இறந்தவள் இருக்கிற துக்கக் காலம்; நாலு மாதமும் பத்து நாளும் அவள் வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. பள்ளிவாசலில் கேட்டிருந்தால், உறுதியான செய்தி இல்லாமல் இத்தா இல்லை என்று சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. அரசாங்கக் கடிதத்தைவிட உறுதி என்ன என்று மாமியார் சொல்லியிருக்கிறார்.

மூன்று நாள் நான் பேசாமல் இருந்தேன். இதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது. கடைக்கு வந்தவர்கள் ஏஐ பிழைத்துவிட்டதாம் என்று கதைத்தபோது, ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் கச்சான் வீசிக்கொண்டுதான் இருந்தது. அந்த இருபத்தாறு நாளும் வீசியிருக்கும். ஒரு போட்டு மிதந்திருந்தால், எவ்வளவு தூரம் போயிருக்கும்? கணக்குப் பார்க்கத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

நாலாம் நாள் மனைவி சொன்னாள், “நீங்க வாறீங்களா, நான் போய்ச் செல்லட்டா?” இரண்டு பேரும் போனோம்.

விறாந்தையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். உள் அறை வாசலில் திரை தொங்கியது. மனைவி திரைக்கு உள்ளே போனாள். மாமியார் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“வாங்க மனே. கடுதாசி எழுதித் தந்த புள்ள. அல்லாஹ் ஒங்களுக்குக் கூலி தருவான். ஒரு முடிவாவது வந்திச்சே.”

“மாமி, அது முடிவில்ல. கொழும்புல ஒண்டும் கண்டுபிடிக்கல்ல. நாம அனுப்பின கடுதாசியில இருந்ததத்தான் திருப்பி எழுதி இரிக்காங்க.”

“நாம அப்பிடி எழுதல்லயே. தேடச் செல்லித்தானே இவ சென்னா.”

“இவ சென்னதுதான். நான் எழுதல்ல.”

“அப்ப அந்த மெசினுக்குப் பிழைச்சிட்டா?”

“மெசினுக்குச் செல்லிக் குடுத்தது நான் மாமி. இன்னும் கரை சேரல்ல எண்டு இவ சென்னா. நான் அந்த இன்னும் எண்டத எடுத்திட்டன்.”

“ஏன்?”

அது மாமியார் கேட்டதில்லை. திரைக்கு உள்ளேயிருந்து வந்தது. பதில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லாமல் அந்தக் கதிரையிலிருந்து எழும்ப முடியாது.

“வடிவா இரிக்கும் எண்டு, தங்கச்சி.”

யாரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கோழி ஒன்று விறாந்தைக்கு ஏறி, என் காலைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“உட்டிடுங்க மனே. இந்தப் புள்ள இப்பதான் ரெண்டு வாய் சோறு தின்னுது. அழுது முடிச்ச ஒண்ட ஏன் மறுகாத் தொடக்கப் பாக்கீங்க? அவன் என்ட வயித்துல பொறந்தவன். எனக்கு ஆச இல்லாமயா செல்றன்?”

அவர் சொன்னதில் பிழை காண எனக்கு வழியில்லை. நான் எழும்பப் பார்த்தேன். அப்போது உள்ளேயிருந்து அவள் சொன்னாள், “அப்ப அவர் உசிரோட இரிக்கார் எண்டு எழுதுங்க காக்கா.”

“அதையும் எழுத ஏலா தங்கச்சி. தெரியாதே.”

திரைக்குக் கிட்டே வந்து உட்கார்ந்துவிட்டுக் கேட்டாள்.

“தெரியா எண்டு எழுத ஏலுமா?”

“ஏலும்.”

“அப்ப அத எழுதுங்க.”

மடிக் கொம்பியூட்டரை அடுத்த நாள் கொண்டுபோனேன். திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் என் மனைவி. தட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் சத்தமாகச் சொன்னேன். வாசிக்கப் போகிறவர் காணாமல் போன படகுகளைத் தேடுகிற பகுதியின் அதிகாரி. எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவு: புறப்பட்ட நாள், போட்டின் இலக்கம், ஆட்கள் நாலு பேர், இன்ஜின் பழுதென்று செய்தி வந்த நாள், அன்றைய காற்று. எங்களுக்குத் தெரியாதது: அவர்கள் உயிருடன் இருக்கிறார்களா, இல்லையா. இதை நீ முடிவு செய்யாதே. இறந்தவர், விதவை, இழப்பு என்று பொருள் வருகிற எந்தச் சொல்லும் வேண்டாம். முதல் கடிதத்தில் வந்த பிழையைத் திருத்து. உருக்கம் வேண்டாம். நான் தராத எதையும் சேர்க்காதே. விளங்காத இடத்தில் எழுதாமல் என்னைக் கேள். எழுதிய ஒவ்வொரு வரியையும் எளிய தமிழில் திருப்பிச் சொல்.

ஓசையே இல்லாத வரிகள். நான் எழுதியதிலேயே வறண்ட பத்து வரி.

அது உடனே எழுதவில்லை. முதல்முறையாக என்னைக் கேள்வி கேட்டது. போட்டு என்ன நிறம்? வானொலிக் கருவி இருந்ததா? தூரத்திலிருந்தோ மேலிருந்தோ அடையாளம் காணக்கூடியதாக ஏதாவது இருந்ததா?

கடைசிக் கேள்வியை வாசல் திரையைப் பார்த்து வாசித்தேன்.

“என்ட பழைய சீல ஒண்டு,” என்றாள். “செவப்பு. வெயிலுக்கு மேலால கட்ட எண்டு கொண்டு போனார். நல்லதக் கொண்டு போங்க எண்டன். வேணா, பழசே போதும் எண்டார்.”

நீலக் கடலில் ஒரு சிவப்புச் சேலை. பத்தொன்பதாம் நாளில் அவள் என் கடையில் என் முன்னால் நின்றபோதும் அந்தச் செய்தி அவளிடம் இருந்தது. நான் கேட்கவில்லை. கடல் கொண்ட திசை என்று தட்டிக்கொண்டிருந்தேன்.

தமிழில் வந்த வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். ‘அவர் மீனவராக இருந்தார்’ என்று வந்திருந்தது.

“இருந்தார் இல்ல காக்கா. மீனவர். அவ்வளவு போதும்.”

திருத்தினேன். கடைக்குப் போய் அச்சடித்துக் கொண்டுவந்ததும் அவள் பேனை கேட்டாள். திரைக்குக் கீழால் ஒரு கை வந்து தாளை எடுத்துப் போனது.

அன்று பின்னேரமே அவள் வெள்ளையைக் களைந்துவிட்டதாக மனைவி சொன்னாள். ஊர் பேசியது. நாலு மாதம் பொறுக்க ஏலாதவள் என்றும் பேசியது. அந்தப் பேச்சுக்கும் விதை போட்டது நான்தான். மாமியார் அதற்குப் பிறகு என் கடைப் பக்கம் வரவேயில்லை. பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் சந்தியில் அவரைக் கண்டால் நான் முகத்தைத் திருப்புகிறேன். அவர் திருப்புவதில்லை, பார்த்துக்கொண்டே போகிறார்.

பதில் வந்தது. கோப்பைத் தேடுகிற பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். அயல் நாடுகளுக்கு அறிவித்திருக்கிறார்கள். இதுவரை தகவல் இல்லை. மாதத்துக்கு ஒரு கடிதம் போடுகிறோம், மாதத்துக்கு ஒரு பதில் வருகிறது, அதே மூன்று வரி. அந்த நாள்கள் வீணாகாமல் இருந்திருந்தால் என்ற ஒரு நினைப்பு எனக்கு உண்டு. அதற்கு விடை கடலிடம்கூட இருக்காது. இப்போது யாருக்கு எதை எழுதினாலும், வந்தவர் சொன்ன சொல்லை அவர் சொன்ன மாதிரியே முதலில் ஒரு தாளில் எழுதிவைக்கிறேன். பிறகுதான் கொம்பியூட்டர். தேத்தண்ணிக் கடையில் பாடம் கேட்டால் ஒன்றைத்தான் சொல்கிறேன்: தெரியாததைத் தெரியாது என்று அதற்குச் சொல்லுங்கள். யாருக்கும் அது பிடிப்பதில்லை. அது என்ன பெரிய வித்தையா என்கிறார்கள்.

போட்டு போய் ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் தனியாக வந்தாள். கடைசிப் பிள்ளையை முதலாம் வகுப்புக்குச் சேர்க்கிற விண்ணப்பம். கொம்பியூட்டர் தேவையில்லை, பேனையால் நிரப்புகிற படிவம். பேர், பிறந்த திகதி, விலாசம் எல்லாம் எழுதினேன். தகப்பனின் விபரம் வந்தது. ‘உயிருடன் உள்ளார் / காலமானார். பொருத்தமற்றதை வெட்டிவிடவும்.’

பேனை அங்கேயே நின்றது.

“அதுலதான் நிப்பீங்க எண்டு தெரியும்,” என்றாள். “ரெண்டையும் வெட்டாமக் குடுத்தன், நேத்து. இந்தா, செவப்பால வளையம் போட்டுத் திருப்பித் தந்திட்டாங்க. ஒண்ட வெட்டத்தானாம் வேணும்.”

அப்போதுதான் பார்த்தேன், அது இரண்டாவது படிவம். பழையது கீழே இருந்தது. இரண்டு சொல்லையும் சேர்த்துச் சுற்றி ஒரு சிவப்பு வளையம்.

நான் பேனையை மேசையில் வைத்தேன். என் கையால் இனி ஒரு சொல்லையும் வெட்ட ஏலாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவளே பேனையை எடுத்தாள். முதல் சொல்லைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். வெளியே அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பேனையை மூடித் திருப்பித் தந்தாள்.

“கடைசித் திகதி எப்ப காக்கா?”

“வெள்ளிக்கிழம.”

விரலை மடித்துப் பார்த்தாள். படிவத்தை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“அப்ப இன்னும் மூணு நாள் இரிக்கி,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.